படிவத்தில் ‘ஸ்ட்ரெஸ் இல்லை’

“ரத்தத்துலயே இருந்திச்சின்னா, குடுத்த கைக்குத் தப்பு இல்லன்னு ஆயிடுமா?”

மாலா அக்கா இதை என்னிடம் கேட்டார். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் மரபணு பற்றி ஒரு பாடம் படித்திருந்தேன். அதில் பட்டாணிச் செடிகள் இருந்தன, மனிதர்கள் இல்லை. என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன். கதைக்குள் அவரை மாலா என்றே குறிப்பிடுகிறேன்.

பழைய தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையின் பஜாரில், வேணுகோபாலின் மருந்துக் கடையில் மாலா பதினோரு வருடம் வேலை பார்த்தாள். எந்த டாக்டர் எப்படிக் கிறுக்கினாலும் படித்துவிடுவாள். பஜாரில் பாதிப் பேர் சீட்டே கொண்டுவர மாட்டார்கள். “டாக்டராண்ட போனா ரெண்டு மணி நேரம் ஒக்காரணும். நீயே சொல்லு மாலா, இன்னா மாத்திர?” என்பார்கள். அவளும் சொல்லுவாள். சில பேர் கேலியாக டாக்டரம்மா என்று கூப்பிட்டார்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

அவளுக்கு எட்டு வயது இளையவன் தம்பி திலீப். அவனுக்கும் கீழே ஒரு தங்கை, ஷில்பா. மாலா கல்யாணமாகி, மகள் வாணியோடும் கணவனோடும் மூன்று தெரு தள்ளி இருந்தாலும், கடைக்குப் போகும்போதும் வரும்போதும் அம்மா வீட்டில் தலையைக் காட்டாமல் இருக்க மாட்டாள். முக்கியமாகத் திலீப்புக்காக. சின்ன வயதில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் அவள்தான்.

திலீப் பெங்களூரில், ஆன்லைன் சாமான்கள் கட்டி அனுப்பும் ஒரு பெரிய குடோனில் வேலை பார்த்தான். மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் முதல் ரயிலில் போய், இருட்டிய பிறகு வருவான். பண்டிகை மாதங்களில் டபுள் டூட்டி. இரண்டு வருடத்துக்கு முன்னால் தசரா சமயத்தில் ஒரு திங்கட்கிழமை கடைக்கு வந்து நின்றான்.

“க்கா, ஸ்கேனர கையில வெச்சிகினே நின்னு தூங்கிட்டேன். சூப்பர்வைசர் போட்டோ புடிச்சி குரூப்ல போட்டுட்டான். எல்லாரும் குட் மார்னிங்னு போடறானுங்க. தூங்காம இருக்க எதுனா கீதா உன் கடையில?”

“கீது. தூக்கம்னு பேரு. வீட்டுக்குப் போயி எட்டு மணி நேரம் போடு.”

“அது ஸ்டாக் இல்லியே உங்க கடையில.”

மாலா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே உள்ளே போய், பகலில் தாங்க முடியாத தூக்க நோய் உள்ளவர்களுக்கு எழுதித்தரும் மாத்திரையில் ஒரு அட்டை எடுத்து வந்தாள். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மாத்திரை அது. அவளுக்கு அது நன்றாகவே தெரியும். காபி குடிப்பது போலத்தானே, வெளியிலிருந்து யாரிடமோ வாங்குவதற்கு நம் கையால் கொடுப்பது நல்லது, என்று நினைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு எட்டு மாதம், திங்கட்கிழமைதோறும் ஒரு அட்டை. திலீப் துறுதுறுவென்று ஆனான். ஞாயிற்றுக்கிழமைகூடப் படுக்காமல் வீட்டுக்கு வெள்ளையடித்தான். “என் புள்ளைக்கு இப்பதான் பொறுப்பு வந்துக்கீது” என்று அம்மா வள்ளி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள். ஒரு மாத்திரை இரண்டாகி, இரண்டு மூன்றாகியது. ஒருநாள் வேணுகோபால், “மாலா, இந்த மாத்திர நம்ம ஊர்ல யாருக்கு இவ்வளவு ஓடுது?” என்று சாதாரணமாகக் கேட்டார். அன்றைக்கே திலீப்பிடம், “இனிமே கெடையாது. போதும்” என்று சொல்லிவிட்டாள்.

அவன் மூன்று முறை கெஞ்சினான். நான்காவது வாரம் கேட்கவில்லை. விட்டுவிட்டான் என்று மாலா நிம்மதியானாள். ஏன் கேட்பதை நிறுத்தினான் என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. என்னிடம் பேசும்போது இந்த இடத்துக்கு வந்ததும் அவள் பேச்சை நிறுத்திவிட்டு, குழாயை மூடிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். குழாய் மூடித்தான் இருந்தது.

குடோனில் கூட வேலை செய்தவன் ஒருவன் திலீப்புக்கு வேறொன்றைப் பழக்கியிருந்தான். கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கும், கிரிஸ்டல் என்பார்கள். புகையாக இழுப்பது. ஐந்தாறு மாதத்தில் திலீப்பின் கன்னம் ஒட்டிப்போனது. கையில் இல்லாத பூச்சியைக் கிள்ளிக் கிள்ளிப் புண்ணாக்கினான். ரயிலில் ஒருவன் தினமும் தன்னைப் பின்தொடர்வதாகச் சொன்னான். கடைசியில் ஒரு காலை பங்காருபேட்டை ஜங்ஷனில் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வர மறுத்தான். ரயில்வே போலீஸ் வீட்டுக்குப் போன் செய்தது. அங்கிருந்து பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில், போதைப் பழக்கத்துக்கான வார்டில் சேர்த்தார்கள்.

அந்த வார்டு டாக்டர் லவினா. வைத்தியத்தோடு ஓர் ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார். இந்த மாதிரிப் பழக்கம் வந்தவர்களின் ரத்தத்தையும் அவர்களுடைய பெற்றோரின் ரத்தத்தையும் எடுத்து, ஸ்ட்ரெஸ் ஹார்மோன் சம்பந்தப்பட்ட மரபணுக்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கும் ஆராய்ச்சி. கூடவே நீளமான ஒரு படிவம். சம்மதம் என்றால் மட்டும் கையெழுத்துப் போடலாம் என்றார். மாலாவின் அப்பா ராஜப்பா உடனே போட்டார். வள்ளி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாலா அப்பாவின் பக்கத்தில் நின்றாள்.

டாக்டர் கன்னடத்தில் கேட்டார். ராஜப்பாவும் கன்னடத்தில் பதில் சொன்னார். ஓர் உதவியாளர் எழுதிக்கொண்டே வந்தார்.

“அவர் சின்னப் பிள்ளையா இருக்கறப்ப ஸ்ட்ரெஸ் எதாவது இருந்ததா?”

மற்றதெல்லாம் கன்னடம். ஸ்ட்ரெஸ் மட்டும் ஆங்கிலம். ராஜப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பல வாரங்களாக டாக்டர்களும் போலீஸும் கேட்ட எதற்கும் அவருக்குப் பதில் தெரிந்ததில்லை. இதற்குத் தெரியும். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கி, பதினெட்டு வருடம் டிம்பர்மேனாக இருந்தவர். பாறை இறங்காமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. பாறைக்குள் அடைபட்டிருக்கும் அழுத்தத்தை இன்ஜினியர்கள் ஸ்ட்ரெஸ் என்பார்கள். அளப்பதற்குக் கருவி எடுத்துக்கொண்டு வருவார்கள். அது அளவு மீறினால் பாறை வெடிக்கும். அதற்கு ஊரில் ஏர் பிளாஸ்ட் என்று பேர்.

“இல்ல மேடம். ஸ்ட்ரெஸ்ஸெல்லாம் கீழதான். டீப் லெவல்ல ஜாஸ்தி. மேல வீட்டுக்கு வராது. ஏர் பிளாஸ்ட் ஆனா ஜன்னல் ஆடும், சொம்பு உருளும், அவ்வளவுதான். எங்க லைன் வீட்ல செவுருகூட விரிசல் உடல.”

உதவியாளர் ‘இல்லை’ என்பதில் டிக் போட்டார். டாக்டருக்குப் பதில் பாதிதான் புரிந்தது போலிருந்தது. மாலாவைப் பார்த்து, “அப்படித்தானே?” என்றார்.

மாலாவுக்கு டாக்டர் கேட்டது என்னவென்று தெரியும். அப்பா எதைச் சொன்னார் என்பதும் தெரியும்.

இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடியபோது அவளுக்குப் பதினொன்று, திலீப்புக்கு மூன்று. அதன் பிறகு மூன்று வருடம் ராஜப்பாவுக்கு வேலை இல்லை. நாள்கணக்கில் பேச மாட்டார். பிறகு ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சோற்றுத் தட்டு சுவரில் போய் மோதும். திலீப் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வான். மாலா குப்புறப் படுத்து, கையை நீட்டி அவனை வெளியே இழுத்து, அவன் காதுகளைத் தன் இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்துவாள். செருப்புச் சத்தம் கேட்டாலே அந்தக் குழந்தை வாந்தி எடுத்தது. பின்னால் ராஜப்பாவுக்குப் பெங்களூரில் செக்யூரிட்டி வேலை கிடைத்து, வீடு அமைதியானது. அந்த மூன்று வருடத்தைப் பற்றி யாரும் யாரோடும் பேசியதில்லை.

“ஆமா மேடம்” என்றாள் மாலா.

“கிரிஸ்டலுக்கு முன்னாடி வேற மாத்திரை எதுவும் எடுத்தாரா?”

“தெரியல மேடம்.”

அடுத்த பக்கத்தைத் திருப்பினார்கள்.

ரத்தம் எடுத்து முடிந்த பிறகு, ராஜப்பா கேட்டதற்காக டாக்டர் விளக்கினார். பயம், ஆபத்து, கஷ்டம் வந்தால் உடம்பில் ஒரு சுரப்பு ஏறும். கார்டிசால் என்று பேர், ஸ்ட்ரெஸ் ஹார்மோன் என்றும் சொல்வார்கள். ஆபத்து போனதும் அது இறங்க வேண்டும். இறக்குவதற்கு உடம்பிலேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. அந்த ஏற்பாட்டை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு மரபணுவில் இருக்கிறது. சில பேருக்கு அந்தக் குறிப்பில் சின்ன வித்தியாசம். ஏறினது சீக்கிரம் இறங்காது. கிரிஸ்டல் மாதிரிச் சரக்கு அதே சுரப்பை இன்னும் ஏற்றும். இப்படிப்பட்ட உடம்பு அதில் எளிதாகச் சிக்கிக்கொள்ளுமா, விட்ட பிறகும் ஒரு கஷ்டம் வந்தால் மறுபடி தேடிப் போகுமா, இதைத்தான் ஆராய்கிறோம் என்றார்.

“பிரேக் லேட்டா புடிக்குதுன்றீங்க” என்றார் ராஜப்பா.

“கிட்டத்தட்ட அப்படித்தான்.”

“யாராண்டருந்து வந்தது அவனுக்கு?”

“திலீப்புக்கு இருக்குன்னே நான் சொல்லல. தனியா ஒருத்தருக்கு ரிசல்ட் சொல்ல மாட்டோம். இருந்தாலும் அது ஒரு சாய்மானம்தான், தீர்ப்பு இல்ல. எத்தனையோ பேருக்கு இருக்கு, ஒண்ணும் ஆகாம நல்லா இருக்காங்க. வர்றதுன்னா அப்பா, அம்மா யார்கிட்டருந்தும் வரலாம்.”

இத்தனை வார்த்தைகளில் ராஜப்பா ‘வரலாம்’ என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ரயில் ஏறினார்.

ரயில் டேகல் ஸ்டேஷனைத் தாண்டும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாகச் சொன்னார். “என்னுதுதாம்மா அது. பதினெட்டு வருஷம் டீப் லெவல்ல நின்னேன். ஸ்ட்ரெஸ் மேல வராதுன்னு அந்தம்மாவாண்ட பெருசா சொன்னேன். கேஜ்ல ஏறி வரும்போது நானே ஒடம்புல தூக்கினு வந்துட்டேன் போல. அதுதான் ரத்தத்துல எறங்கி அவனுக்குப் போய்க்கீது.”

“அப்படியெல்லாம் இல்ல நைனா.”

“இன்னா இல்ல? டாக்டரே சொல்லிச்சி.”

மேலே பேசினால் ஸ்ட்ரெஸ் என்றால் என்ன என்று மாலா சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் மற்றதும் வரும். உள்ளுக்குள் ஒரு பக்கம் இலேசாகக்கூட இருந்தது அவளுக்கு. ரத்தம்தான் காரணம் என்றால் மாத்திரை அட்டை காரணம் இல்லை. அந்த இலேசை நினைத்தால்தான் இப்போதும் தன் மேல் தனக்கே அருவருப்பாக இருக்கிறது என்றாள்.

வீட்டில் ரத்தத்தைக் குற்றம் சொல்வது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வள்ளி அரிசி களையும்போதுகூட, “உங்க வம்சம்” என்று ஆரம்பித்தாள். ஒருநாள் வாணி பலூன் உடைந்து திடுக்கிட்டு அழுதாள். அழுகை நிற்கக் கொஞ்சம் நேரமானது. ராஜப்பா பேத்தியையே பார்த்துவிட்டு, “இவளுக்கும் பிரேக் லேட்டா புடிக்குதா மாலா?” என்று கேட்டார்.

வார்டில் திலீப் தெளிந்து பேச ஆரம்பித்ததும், எப்படித் தொடங்கியது என்று அவனிடமும் கேட்டார்கள். பிரெண்ட்ஸ் கொடுத்தார்கள் என்று சொல்லியிருக்கிறான். அக்கா பெயரைச் சொல்லவில்லை. பார்க்கப் போன மாலாவிடம் கண்ணாலேயே அதைத் தெரிவித்தான். அவளும் கண்ணாலேயே வாங்கிக்கொண்டாள்.

அப்படியே போயிருக்கும். ஆனால் ஷில்பாவுக்கு, அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாலகாட்டில் ஒரு வரன் கூடிவந்திருந்தது. தங்கவேலு என்பவரின் மகன் பிரதாப். ஆவணியில் நிச்சயம். திலீப் ஆஸ்பத்திரியில் இருப்பது அவர்களுக்குத் தெரியும், காரணம் தெரியாது. ராஜப்பா ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து சொன்னார். “ஞாயித்துக்கெழம தங்கவேலாண்ட போயி சொல்லிடறேன். என் ரத்தத்துல இப்படி ஒரு கோளாறு கீது, நாளைக்குப் பொறக்கற கொழந்தைக்கும் வரலாம், யோசிச்சி கட்டுங்கன்னு.”

வள்ளி கரண்டியைக் கீழே போட்டாள். “போங்க. போயி தம்பட்டம் அடிச்சிகினு வாங்க. ஒரு புள்ளைய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாச்சி, இன்னொன்ன வீட்டோட வெச்சிக்கலாம்.”

ஷில்பாதான் நடுவில் பேசினாள். “நைனா சொல்றது சரிம்மா. மறைச்சி கட்டிகினா, அங்க போயி டெய்லி பயந்துகினு இருக்கறது நான்தான்.”

அவள் அதை மாலாவைப் பார்த்துச் சொல்லவில்லை. மாலாவுக்கு மட்டும் தன்னைப் பார்த்தே சொன்ன மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, “நானும் வரேன் நைனா” என்று கிளம்பினாள்.

ஷேர் ஆட்டோவில் ஏழு பேர். ராஜப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தங்கவேலுவிடம் சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். “கேஜ்ல” என்ற வார்த்தை மாலாவின் காதில் விழுந்தது. பாலகாட்டுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருந்தது.

“அண்ணா, ஓரமா நிறுத்துங்க.”

“இன்னாத்துக்கு? ஊரு வரலியே” என்றார் ராஜப்பா.

“எறங்குங்க நைனா.”

ஆட்டோ போன பிறகு, ரோட்டோரத்தில் நின்று சொன்னாள். திங்கட்கிழமை அட்டைகளைச் சொன்னாள். எட்டு மாதம் என்றாள். தெரியலை என்று டாக்டரிடம் சொன்னது பொய் என்றாள். எல்லாம் முடிந்த பிறகு ராஜப்பா கேட்டது அவள் எதிர்பார்த்தது இல்லை.

“அந்தம்மா ஸ்ட்ரெஸ்னு கேட்டது எத?”

“வீட்ல இருந்தத நைனா. மைன் மூடினப்புறம். நீங்க தட்ட வீசுவீங்க, திலீப் கட்டிலுக்கு அடியில போயிடுவான். அத.”

“நான் பாறைய சொன்னேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சேதான் ஆமான்னியா?”

“ஆமா.”

லாரி ஒன்று போய், தூசி அடங்கும் வரை அவர் காத்திருந்தார். “யார காப்பாத்த? என்னையா, உன்னையா?”

“ரெண்டு பேரையும்.”

“மொதல்ல யார?”

“என்னைய” என்றாள் மாலா.

அவர் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. வந்த வழியிலேயே திரும்பி நடக்க ஆரம்பித்தார். கொஞ்ச தூரம் போய், பின்னால் வருபவளிடம் திரும்பாமல் சொன்னார். “தங்கவேலாண்ட இன்னைக்குப் போயிருந்தா இல்லாததச் சொல்லிட்டு வந்திருப்பேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம். தட்ட வீசினத நானே சொல்றேன். உன்னுத நீ சொல்லு.”

திங்கட்கிழமை டாக்டர் லவினா படிவத்தை எடுத்துவரச் சொன்னார். ராஜப்பா தன் மூன்று வருடத்தைத் தலைகுனிந்தபடி சொன்னார். உதவியாளர் பழைய டிக்கை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு எழுதினார். மாலா தன்னுடையதைச் சொல்லி முடித்து, “அப்ப என் மாத்திரையாலதானா மேடம்?” என்று கேட்டாள்.

“அதாலதான்னு சொல்ல என்னால முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது. பிறவி, வளர்ந்த வீடு, கையில கிடைச்சது, எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு. எது எவ்வளவுன்னு பிரிக்க இன்னும் யாருக்கும் தெரியாது. ஆனா இத முதல்லயே சொல்லியிருந்தா, தூக்கத்த முதல்ல சரி பண்ணியிருப்பேன். வீட்டுல சத்தம் வந்தா அவனுக்கு என்ன ஆகும்னு அவனோட பேசியிருப்பேன். ஆறு வாரம் போச்சு.”

ஆறு வாரம் என்பதை மாலா இரண்டு முறை என்னிடம் சொன்னாள்.

திலீப் கோபப்பட்டான். “ஏன்க்கா சொன்ன? உன் பேர வெளிய உடாம எவ்வளவு கஷ்டப்பட்டு வெச்சிகினேன்.”

“அதான்டா சொன்னேன்.”

அவன் படுக்கை விரிப்பைச் சுருட்டிச் சுருட்டி விரித்தான். பிறகு சொன்னான். “குடுத்தத கூட உடுக்கா. நான்தான் கேட்டேன். நிறுத்தின பாரு, அன்னைக்கி என்னைய எங்கனா டாக்டராண்ட இட்டுனு போயிருக்கணும். நீ கடைய மட்டும் காப்பாத்திகின.”

வேணுகோபாலிடமும் மாலா சொன்னாள். லைசென்ஸ் தன்னுடையது என்று அவர் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அதில் அவர்மேல் தப்பில்லை என்கிறாள். இப்போது ஒரு சிறுதானிய மாவு மில்லில் பாக்கெட் போடுகிறாள். டாக்டரம்மா என்று யாரும் கூப்பிடுவதில்லை. திலீப் வீட்டுக்கு வந்துவிட்டான். ஒருமுறை மறுபடி சறுக்கி, மறுபடி வார்டுக்குப் போய்த் திரும்பினான். குடோன் வேலைக்கு இனிப் போகவில்லை. ராஜப்பா அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பாலகாட் போய், தட்டையும் மாத்திரையையும் வார்டையும் தங்கவேலுவிடம் சொன்னார். இது ரத்தத்தில் வருமா என்று தங்கவேலு கேட்டதற்கு, யாருக்கும் தெரியாது என்றார். “பையனாண்ட பேசிட்டு சொல்றோம்” என்று காபி கொடுத்து அனுப்பினார்கள். ஆவணி போய்விட்டது. இதை எழுதும் வரை பதில் வரவில்லை. ஷில்பா இதைப் பற்றி அக்காவிடம் ஒன்றும் சொல்வதில்லை. முன்பு போல வழக்கமாகத்தான் பேசுகிறாள். அதுதான் தாங்கவில்லை என்கிறாள் மாலா.

படிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கதையை உங்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மருந்துக் கடையில் நிற்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும், அவரிடம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் தம்பிக்காகவோ மகனுக்காகவோ படிவத்தின் முன்னால் உட்காரப் போகிறவர்களிடம், கேட்கிற வார்த்தை புரியாவிட்டால் திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள். தெரிந்ததை அன்றைக்கே சொல்லச் சொல்லுங்கள். பெயரை மாற்றிச் சொல்ல வேண்டாம், மாலா என்றே சொல்லுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார்.